பத்து ‘சி’யின் முதல் பாடவேளை

டைம்டேபிள் போடுகிறவரைப் பகைக்கக் கூடாது என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு இருந்தது. அவர் நினைத்தால் வாரக் கடைசிப் பாடவேளையை உங்கள் தலையில் கட்டிவிடலாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி விழுகிற வகுப்பாகப் பார்த்துத் தரலாம். சார்ஜாவில், ரோலாவுக்குப் பின்னால் இருந்த அந்த இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் 1985ஆம் ஆண்டு அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது. அதுவரை அதைச் செய்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டு, “மிஸிஸ் யோகநாதன், நீங்கள் கணக்கு டீச்சர். உங்களுக்கு இது சின்ன வேலை” என்றார். சின்ன வேலைதான். ஆனால் அதை என்னிடம் தந்தது அவர் செய்த பெரிய பிழை.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. கணக்குப் படித்தவள், படிப்பிப்பவள். கோபக்காரி என்று என் கணவர் சொல்வார். நான் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

பொறுப்பு வருவதற்குச் சற்று முன், மே மாதத்தில், யாரோ டீச்சர் லீவு என்று என்னை ஒன்பது ‘சி’ வகுப்புக்கு அனுப்பினார்கள். அது மைதானத்தின் மூலையில் ஒரு தகரக் கேபின். ஏசி உறுமும், குளிராது. உள்ளே சோமாலியா, சூடான், சான்சிபார் பிள்ளைகள். ‘ஏ’யிலும் ‘பி’யிலும் ஒரு கறுப்புப் பிள்ளைகூட இல்லை என்பது அந்தக் கேபினுக்குள் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை செய்திருக்கிறேன், கண் எங்கே போனது என்று தெரியவில்லை. பலகையில் ஒரு சமன்பாடு போட்டேன். உயரமான ஒரு பெண், தலையில் நீல முக்காடு, எழும்பி வந்து செய்தாள். பாதியில் நின்று, “இதற்கு மேல் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை மிஸ்” என்றாள்.

“உங்கள் கணக்கு டீச்சர் யார்?” என்று கேட்டேன்.

“அன்றைக்கு யார் ஃப்ரீயோ அவர், மிஸ்.”

குறைசொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. மழை பெய்யாது, வெயில் அடிக்கும் என்பதுபோலச் சொன்னாள். அவள் பெயர் ஹோதன். சோமாலிப் பிள்ளை. தகப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

எப்படி அவர்கள் எல்லாரும் ‘சி’க்கு வந்தார்கள் என்று விசாரித்தேன். சேரும்போது அலுவலக அறையில் இங்கிலிஷில் கொஞ்சம் பேசச் சொல்வார்கள். அரபியிலோ சுவாஹிலியிலோ படித்துவிட்டு வந்த பிள்ளை தடுமாறும். அது ‘சி’. இந்தியா, இலங்கைப் பக்கத்துப் பிள்ளையும் தடுமாறும். ஆனால் அதற்கு, “மூன்று மாதத்தில் பிடித்துக்கொள்ளும்” என்று சொல்லி ‘பி’யில் போடுவார்கள். ஹோதன் வந்து நாலு வருடம். அவளுடைய இங்கிலிஷ் இப்போது என்னுடையதைவிட நல்லது. ஆனால் ‘சி’யிலிருந்து யாரும் மேலே ஏறியதாகச் சரித்திரமே இல்லை. பத்தாம் வகுப்பு முடிவில் அவர்களை லண்டனிலிருந்து தாள் வருகிற ஓ லெவல் பரீட்சைக்கும் அனுப்புவதில்லை. தேர்வுச் சோதனை என்று ஒன்று வைத்து, பெயில் என்று சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு நூறு வீதம் பாஸ் என்று பத்திரிகையில் வரும். ஒரு பரீட்சையும் எழுதாத பிள்ளைக்கு இந்த ஊரிலும் வேலை இல்லை, எந்த ஊரிலும் படிப்பு இல்லை.

அந்த விடுமுறையில் டைம்டேபிள் பலகையைச் சாப்பாட்டு மேசையில் போட்டு, ஆசிரியர்களின் பெயர் எழுதிய வர்ணத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குத்தினேன். கணக்கின் நிறம் சிவப்பு. முந்தைய வருடப் பலகையில் பத்து ‘ஏ’யின் முதல் பாடவேளை எல்லா நாளும் சிவப்பு. பத்து ‘சி’யில் சிவப்புத் துண்டு கடைசிப் பாடவேளைகளில் மட்டும்தான், அதிலும் ஆள் பெயர் இல்லாமல். நான் பத்து ‘சி’யின் முதல் பாடவேளைகளை எடுத்து அதில் என் பெயரைக் குத்தினேன். பத்து ‘ஏ’யும் என்னுடையதுதான். ஒரே முதல் பாடவேளையில் நான் இரண்டு வகுப்பில் நிற்க முடியாது அல்லவா? பத்து ‘ஏ’க்குச் சில நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு என்று வந்தது.

என் மகள் நளினி பத்து ‘ஏ’. பலகையை எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, வாட் இஸ் திஸ்? எங்களுக்கு ஆஃப்டர் லஞ்ச்சோ?” என்றாள்.

“ஓம். நீ நித்திரை கொள்ளாமல் இரு.”

பிரின்சிபல் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். வெற்றிடம் இல்லாமல் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால் அவருக்குப் போதும்.

பத்து ‘சி’ பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்ல? முதல் வாரம் அவர்கள் என்னை நம்பவில்லை. இவளும் போய்விடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை என்று தெரிந்ததும் கதை மாறியது. மணி அடிக்க முன்னரே வந்து, யாரோ ஏசியைப் போட்டு, ஹோதன் முதல்நாள் கணக்குகளைப் பலகையில் எழுதி வைத்திருப்பாள். நான் நுழையும்போது பாதி வகுப்பு அவளோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கும், விடை சரியா பிழையா என்று. கணக்குக்காகச் சண்டை பிடிக்கிற வகுப்பு ஒன்றைத் தாருங்கள், நான் சம்பளமில்லாமல் படிப்பிப்பேன். ஒருநாள் சான்சிபார்ப் பையன் ஒருவன் என் பிழை ஒன்றைப் பிடித்துவிட்டான். எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு வீட்டுப்பாடமே கொடுக்கவில்லை.

நவம்பரில் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. எங்கள் மாடியில் எதிர்வீட்டு மிஸிஸ் இராஜரத்தினம். அவருடைய மகன் சேந்தனும் பத்து ‘ஏ’. கணக்கு அவனுக்குக் கொஞ்சம் தூரம்.

“நான் குறையாச் சொல்லுறனெண்டு நினைக்காதேங்கோ குமுதினி” என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினால் குறைதான். “காப்பிலியளுக்குக் காலமைப் பாடம், எங்கட பிள்ளையளுக்குச் சாப்பிட்டுக் கண் சொக்கிற நேரமோ? சொந்தப் பிள்ளையின்ர வயித்திலயும் எல்லோ அடிக்கிறியள்.”

“அந்தச் சொல்லை என்ர வீட்டுக்குள்ள சொல்லாதேங்கோ” என்றேன். “என்னைப் பள்ளிக்கூடத்தில கறுவல் எண்டுதான் கூப்பிட்டவை. இந்தக் கறுத்தக் கையாலதான் உங்கட மகனுக்கு அல்ஜிப்ரா படிப்பிக்கிறன். அதில ஏதும் ஒட்டுப்பட்டதோ?”

“ஐயோ, உங்களைச் சொன்னனானே?”

“ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

அவர் குடிக்காமல் போனார். போனவர் பிரின்சிபலிடமும் போனார்.

பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டார். “பத்து ‘சி’ பரீட்சைக்கே போகப்போவதில்லை. அவர்களுக்கு ஏன் முதல் பாடவேளையை வீணாக்குகிறீர்கள்?” என்றார்.

“போகப்போவதில்லை என்று யார் முடிவு செய்தது?”

“தேர்வுச் சோதனை முடிவு செய்யும்.”

அந்த இடத்தில் எனக்கு என் தம்பி நினைவுக்கு வந்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்று கொண்டுவந்தார்கள். ஒரே பரீட்சை, ஒரே கேள்வி. ஆனால் தமிழில் எழுதியவன் மருத்துவம் படிக்க அதிகப் புள்ளி எடுக்க வேண்டும். என் தம்பி சிங்களத்தில் எழுதியிருந்தால் இன்றைக்கு டாக்டர். தமிழில் எழுதியதால் துபாய் அல் கூஸில் ஒரு கொம்பனியின் ஸ்டோர் கீப்பர். அவன் சிரித்துக்கொண்டு திரிகிறான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

“அப்படியென்றால் சோதனையை ஒழுங்காக வையுங்கள்” என்றேன். “மூன்று பிரிவுக்கும் ஒரே தாள். எங்கள் நாட்டில் பரீட்சைத் தாளில் பெயர் எழுதுவதில்லை, சுட்டெண் மட்டும்தான். அதேபோல வையுங்கள். பிரிவுகளைக் கலந்து இருத்துங்கள். திருத்துவது நான் இல்லை, செய்கு அலாவுதீன் சார் திருத்தட்டும்.”

செய்கு அலாவுதீன் பத்து ‘பி’க்குக் கணக்குச் சொல்லித் தருபவர். காயல்பட்டினத்துக்காரர். அரை மார்க்குக்காக அல்லாவுக்குப் பயப்படுகிற மனிதர். பிரின்சிபல் சம்மதித்தார். என் வாயை அடைக்க அதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

டிசம்பரில் சோதனை நடந்தது. இடம் பிரித்தபோது நளினிக்குப் பக்கத்து மேசை ஹோதனுக்கு விழுந்தது. முடிவு வந்தபோது பத்து ‘சி’யில் பெரும்பாலானவர்கள் கணக்கில் பாஸ். நளினி இரண்டாவது. முதலாவது ஹோதன்.

நான் அன்றைக்கு நடந்து போனேனா மிதந்து போனேனா தெரியாது. பிரின்சிபல் அறைக்குள் போனதும் தரைக்கு வந்தேன்.

“பார்த்து எழுதியிருக்கிறார்கள்” என்றார். “கலந்து இருத்தியது தவறு. பத்து ‘சி’ தனியாக மறுபடி எழுத வேண்டும்.”

நான் வாய் திறக்க முன்னர், கூட வந்திருந்த செய்கு அலாவுதீன் சார் இங்கிலிஷில் அவரோடு வாதாடிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து என்னிடம் தமிழில் அதையே சொன்னார். “நான் தானே டீச்சர் திருத்துனேன்? முதலாவது வந்த புள்ள பேப்பர்ல வழி வேற, ரெண்டாவது புள்ள பேப்பர்ல வழி வேற. பார்த்து எழுதுனவன் வழியையும்லா பார்த்து எழுதியிருப்பான்? சொன்னா கேக்க மாட்டேங்குறாரு.”

முதலாவது வந்தவள் என்று ஹோதனை உள்ளே கூப்பிட்டார்கள், நானும் கூடவே போனேன். நான் பொரிந்துகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, “மிஸ், நான் பேசலாமா?” என்றாள். பிறகு பிரின்சிபலைப் பார்த்தாள். “நாங்கள் மறுபடி எழுதுகிறோம் சார். ஆனால் எல்லாரும் எழுத வேண்டும். பார்த்து எழுத ஒருவர் போதாது. காட்டவும் ஒருவர் வேண்டும்.”

எனக்குக்கூட அது தோன்றவில்லை. சத்தம் போடத் தெரிந்த அளவுக்கு எனக்கு யோசிக்கத் தெரியாது.

பிரின்சிபல் மூன்று பிரிவுக்கும் மறுசோதனை என்று அறிவித்தார். ‘சி’க்குக் கட்டாயம். மற்றவர்களுக்கு விரும்பினால். எழுதாத ‘சி’ பிள்ளையின் பெயர் ஓ லெவலுக்குப் போகாது. ‘ஏ’ பெற்றோர் தங்கள் பிள்ளைகளை எழுத விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அன்று பின்னேரமே படியில் மிஸிஸ் இராஜரத்தினத்தைக் கண்டேன். “மடியில கனமில்லாட்டி வழியில என்ன பயம்? அவை எழுதட்டுமன்” என்றார்.

“நல்லது. சேந்தனும் வரட்டும். அவன்ர மடியிலயும் கனமில்லைத்தானே.”

“அவன் ஏன் எழுதோணும்? அவன் என்ன களவெடுத்தவனோ?”

வீட்டில் நளினி என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தாள். ஒருநாளும் இரண்டாவதாக வராத பிள்ளை. அதுவும் கேபின் பிள்ளைக்குப் பின்னால். ஜனவரியில், மறுசோதனை நாள் காலையில் தலையிடி என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் வாய் திறக்க முதல் யோகநாதன் கையைக் காட்டினார். “விடும் குமுதினி. இதில நீர் அவளைக் கேட்டால் அது ஞாயமில்லை.”

கேட்கத்தான் ஆசை. கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிய சில தருணங்களில் அது ஒன்று.

மண்டபத்தில் மூன்று பிரிவுக்கும் மேசை போட்டிருந்தது. பத்து ‘சி’ முழுவதும் வந்திருந்தது. சீருடைக்கு இஸ்திரி போட்டு, தலை வாரி, முதுகு நிமிர்ந்து. இடையில் ‘ஏ’க்கும் ‘பி’க்குமான கதிரைகள் காலி. பிரின்சிபல் மணிக்கூட்டைப் பார்த்தார். “வேறு யாரும் வரவில்லை. தொடங்குங்கள்” என்றார்.

ஹோதன் பேனையை மேசையில் வைத்தாள். பக்கத்துப் பையன் வைத்தான். பின்னால் இருந்தவர்கள் வைத்தார்கள்.

“எழுதாவிட்டால் பெயர் போகாது. தெரியும்தானே?” என்றார் பிரின்சிபல்.

“தெரியும் சார்” என்றாள் ஹோதன். “எல்லாரும் வந்ததும் எழுதுகிறோம்.”

இந்தப் பிள்ளைகள் மானத்துக்காக ஒரு வருட உழைப்பைக் கொட்டிவிடப் போகிறார்கள். எழுதுங்கோ பிள்ளைகளே, பிறகு பார்ப்போம் என்று சொல்ல வாய் உன்னியது. அதைச் சொன்னால் அவர்கள் கள்ளர் என்பதற்கு நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். சொல்லாவிட்டால் ஓ லெவல் போய்விடும். மேற்பார்வை பார்க்க வந்தவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. நளினி. தலை சரியாகக்கூட வாரி இழுக்கவில்லை, சப்பாத்து நாடா அவிழ்ந்து கிடந்தது. பஸ் போய்விட்டதால் வீட்டிலிருந்து ஓடியே வந்திருக்கிறாள். நேரே போய், டிசம்பரில் இருந்த அதே மேசையில், ஹோதனுக்குப் பக்கத்தில் இருந்தாள். என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி.

“நான் உங்களுக்காக வரேல்லை அம்மா. இவள் பார்த்தெழுதினவளெண்டால் பக்கத்தில இருந்து காட்டினது நான்தானே? என்னைக் கள்ளியெண்டு சொல்ல இவருக்கு என்ன துணிவு?”

பிறகு அதையே பிரின்சிபலுக்கு இங்கிலிஷில் சொன்னாள். இங்கிலிஷில் இன்னும் கொஞ்சம் காரம் கூடியிருந்தது. கோபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அப்பனைக் கொண்டு நிறம், என்னைக் கொண்டு வாய்.

ஹோதனுக்கு அந்தத் தமிழ் விளங்கியிருக்காது, இங்கிலிஷ் விளங்கியது. கோடு போடுகிற தன் அடிமட்டத்தை எடுத்து இரண்டு மேசைக்கும் நடுவில் வைத்தாள். நளினி அவசரத்தில் அடிமட்டம் கொண்டு வரவில்லை.

நளினி பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற பிள்ளைகளிடம், “நீங்கள் வராவிட்டால் நீங்களும் காட்டினவர்கள்தான்” என்று இங்கிலிஷில் கத்திவிட்டு வந்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருவர் பின் ஒருவராக ‘ஏ’யும் ‘பி’யும் வரத் தொடங்கின. எல்லாரும் வரவில்லை. சேந்தன் வந்தான், தாய்க்குத் தெரியாமல். கதிரைகள் நிறைந்ததும் ஹோதன் பேனையை எடுத்தாள். பிறகு மண்டபம் முழுக்கப் பேனைச் சத்தம்தான்.

செய்கு அலாவுதீன் சார் இந்த முறை பிரின்சிபலின் அறையிலேயே, அவர் கண்முன்னாலேயே திருத்தினார். முடிவு பெரிதாக மாறவில்லை. பத்து ‘சி’யில் முன்னர் தவறவிட்ட ஒரு சூடான் பையன் இந்த முறை பாஸ். முதலாவது ஹோதன். இரண்டாவது நளினி. பிரின்சிபல் பெயர்களை அனுப்பினார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மயங்கி விழுந்திருப்பேன். ஜூன் பரீட்சையில் அந்தப் பிள்ளைகள் ஒருவர் இருவரைத் தவிர எல்லாரும் கணக்கில் பாஸ். ஹோதனுக்கும் நளினிக்கும் ‘ஏ’ கிரேட். அடுத்த ஆண்டு டைம்டேபிளில் முதல் பாடவேளை எல்லாப் பிரிவுக்கும் முறைவைத்துப் போனது. அதை மாற்றச் சொல்லி யாரும் என்னிடம் வரவில்லை.

ஆனால் நான் பெருமைப்பட வேண்டியதெல்லாம் ஜூனுக்கு முன்னரே, அந்த ஜனவரியிலேயே கிடைத்துவிட்டது. மறுசோதனை முடிவு வந்த இரவு நளினி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். கடைசிக் கவளத்தோடு, “அந்தக் கடைசிக் கணக்கை அவள் எப்பிடிச் செய்தவள் எண்டு கேக்கோணும். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறன்” என்றாள். யோகநாதன் என்னைப் பார்த்தார். நான் இரண்டு பிள்ளைக்கும் அரிசிமா இருக்கிறதா என்று பார்க்க எழும்பிப் போனேன். அழுகை வந்தால் நான் சமையலறைக்குத்தான் போவேன்.

வெள்ளிக்கிழமை ஹோதன் படியேறி வந்தாள். தகப்பன் கீழே காரில் கொண்டுவந்து விட்டிருந்தார். இரண்டு பிள்ளைகளும் கதவடியில் நிற்க, எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மிஸிஸ் இராஜரத்தினம் ஹோதனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“ஆர் பிள்ளை இது?” என்று நளினியைக் கேட்டார்.

“எங்கட பள்ளிக்கூடத்தில கணக்குக்கு முதலாவது, அன்ரி” என்றாள் நளினி. “சேந்தனுக்கும் படிக்கோணுமெண்டால் சொல்லுங்கோ. நேரமிருக்குதோ எண்டு இவளைத்தான் கேக்கோணும்.”

மிஸிஸ் இராஜரத்தினம் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கொழுக்கட்டையை மேசையில் வைத்தபோது மறுபடி கதவு தட்டப்பட்டது. சேந்தன், கையில் கணக்குக் கொப்பியோடு. பின்னால் அவனுடைய தாய், தலையைக் குனிந்துகொண்டு, ஒரு தட்டில் மூன்று பேருக்கும் வடை.